நாலு ஹோர்ன், மத்திம காலம், பைலா வேண்டாம்

வட இலங்கையின் வன்னியில் ஹோர்ன் ஊதும் எங்கள் நால்வருக்கும் சுவிங் என்ற ஜாஸ் நடையைப் பழகுவதில் இருந்த பெரிய இடைஞ்சல் மூச்சும் இல்லை, விரலும் இல்லை. பைலாதான்.

இலங்கையில் பள்ளிக்கூடப் பாண்டில் கொஞ்சக் காலமாவது பித்தளை வாத்தியம் ஊதிய எவருக்கும் அந்த ஆட்டப்பாட்டுத் தாளம் உடம்பில் ஊறியிருக்கும். கிரிக்கெட் மைதானத்துப் பப்பரே பாண்டு, ஊர் விளையாட்டுப் போட்டி, கலியாண வீட்டில் சாப்பாடு முடிந்த பிறகு வரும் கடைசி ஒரு மணித்தியாலம், எங்கே போனாலும் அதே ஆறு எட்டுத் தாளம். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை, நானும் ஆடியிருக்கிறேன். ஆனால் சுவிங் ஊத உட்கார்ந்தால் அது கேட்காமலே வந்து பக்கத்தில் உட்கார்ந்துவிடும்.

காகிதத்தில் சுவிங்கை விளக்குகிறவர்கள் வழக்கமாக இப்படிச் சொல்வார்கள்: ஒரு அடியை மூன்றாகப் பிரி, முதல் இரண்டையும் சேர்த்து ஒரு நீண்ட சுரம், மூன்றாவது ஒரு குறுஞ்சுரம். இதை வன்னியில் யாரிடம் சொன்னாலும் "ஓ, திஸ்ரம்" என்று உடனே தலையாட்டுவார்கள். பள்ளிக்கூடத்தில் சங்கீதம் படித்தவர்கள், வற்றாப்பளைப் பொங்கலுக்கும் உள்ளூர்க் கோயில் திருவிழாக்களுக்கும் போய்த் தவிலுக்குப் பக்கத்திலேயே நின்று வளர்ந்தவர்கள். தலையாட்டிய கையோடு ஊதத் தொடங்குவார்கள். வருவது பைலா.

பைலாவில் அடியின் மூன்று பங்கையும் யாரோ ஒருவர் தட்டிக்கொண்டோ மீட்டிக்கொண்டோ இருப்பார். மூன்றுக்கும் கனம் உண்டு, அதனால் உடம்பு பக்கத்துக்குப் பக்கம் ஆடும். சுவிங்கில் நடுப்பங்கை யாரும் தொடுவதில்லை. கீழே ஓடுவது நான்கு சம அடிகள், நடக்கிற கால் மாதிரி. அந்தக் குறுஞ்சுரம் தனக்கு முன்னால் போன நீண்ட சுரத்தின் வால் என்று நினைத்து ஊதினால் பைலா. அடுத்த அடிக்குள் நுழைகிற வாசற்படி என்று நினைத்து ஊதினால் சுவிங் கொஞ்சம் கொஞ்சமாக வரும். எனக்குத் தெரிந்த வரையில் இதுதான் விஷயத்தின் பாதி. மற்றப் பாதி சுரத்தை எப்போது விடுவது என்பது, அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில், வன்னியில் நாலு ஹோர்ன் எப்படி என்று கேட்பீர்கள்.

ஹோர்ன் என்று நான் சொல்வது சுருண்டு சுருண்டு போய் அகலமான வாயில் முடிகிற பிரெஞ்சு ஹோர்னையும் அதன் ஒன்றுவிட்ட உறவுகளையும். எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடப் பாண்டுகளில் ட்ரம்பெட் இருக்கும், ட்ரொம்போன் இருக்கும், யூஃபோனியம்கூட இருக்கும், பிரெஞ்சு ஹோர்னைக் காண்பது அரிது. விலை கூட, பழக்குவதும் கடினம், அணிவகுப்பில் தூக்கிக்கொண்டு நடக்கவும் வசதியில்லை. எங்களிடம் இரண்டு வந்து சேர்ந்தது நோர்வேயால். அங்கே பள்ளிக்கூடத்துக்குப் பள்ளிக்கூடம் பிள்ளைகளின் வாத்தியக் குழு இருக்கிறது, மே 17 அவர்களுடைய அரசியலமைப்பு நாள், அன்றைக்குக் குழுக்கள் எல்லாம் தெருவில் ஊர்வலம் போகும். புலம்பெயர்ந்த நம் பிள்ளைகளும் அதில் சேர்ந்து ஊதுகிறார்கள். என் பெறாமகள் ஹோர்ன் ஊதினாள், பிறகு பல்கலைக்கழகம் போய்விட்டாள். வாத்தியம் அலுமாரிக்கு மேலே ஏறிவிட்டது. அண்ணன் அடுத்த லீவுக்கு ஊருக்கு வரும்போது அதையும், அவளுடைய தோழியின் பழைய ஒன்றையும் கொண்டுவந்தார். தோழியினுடையதில் பெல், அதாவது அந்த அகலமான வாய், தனியாகக் கழலும், பெட்டி சின்னது. மற்றது கழலாது, விமானத்தில் வந்த அடையாளமாக விளிம்பில் ஒரு நெளிவு இன்றைக்கும் இருக்கிறது.

மூன்றாவது வாத்தியம் மெலஃபோன், ஒரு பள்ளிக்கூடம் கழித்துவிட்டது, அது என் கையில். நான்காவது ஈ ஃபிளாட் டெனர் ஹோர்ன், மாஸ்டருடையது. நால்வரையும் வரிசையில் உட்கார வைத்தால் பார்க்கச் சிரிப்பு வரும். பிரெஞ்சு ஹோர்ன்களின் வாய் பின்பக்கம் பார்க்கும், என் மெலஃபோன் முன்பக்கம், மாஸ்டரின் டெனர் ஹோர்ன் மேலே கூரையை. பிரெஞ்சு ஹோர்னில் வால்வை அமுக்குவது இடது கை, மற்ற இரண்டிலும் வலது கை. மாஸ்டருக்கான தாளை மட்டும் ஒரு முழுச்சுரம் ஏற்றி எழுத வேண்டும், மற்ற மூன்றும் எஃப் வாத்தியங்கள்.

முதல் ஹோர்ன் ஊதுகிறவர் கிளிநொச்சியில் வேலை செய்யும் ஒரு நேர்ஸ் அக்கா. நான்காம் ஹோர்ன், அதாவது அடிக்குரல், அறுவடை இயந்திரங்களும் லாண்ட்மாஸ்டர் என்ற கை உழவு இயந்திரமும் திருத்துகிற ஒரு தம்பி. அவனுக்குத்தான் கழலும் பெல் உள்ள ஹோர்ன்.

மாஸ்டரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியே ஆகவேண்டும். எழுபதைத் தாண்டிவிட்டார். சிறுவயதில் யாழ்ப்பாணத்தில் ஒரு தேவாலயப் பாண்டில் கோர்னெட் ஊதப் பழகியவர். சுவிங் அவருக்கு வந்தது இலங்கை வானொலியின் ஆங்கில வர்த்தக சேவையால். பள்ளிக்கூடம் விட்டு வந்து வானொலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தால் அம்மா அடிக்கும்வரை எழும்பமாட்டாராம். பிற்காலத்தில் அந்தப் பாட்டுகளைக் கசெற்றில் பிடித்து வைத்திருந்தார். தொண்ணூறுகளில் குடும்பத்தோடு வன்னிக்கு வந்தபோது கசெற்றுகளும் கூடவே வந்தன.

அந்தக் காலம் தெரிந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. பொருளாதாரத் தடை, மின்சாரம் இல்லை, பற்றரி வன்னிக்குள் வராது. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திப் பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் வரும் மின்சாரத்தில்தான் வானொலியும் கசெற்றும். மாஸ்டர் வீட்டில் பெடல் சுற்றுவது மூத்த மகள். அவள் உசாராக இருக்கும்வரை பாட்டு சரியான கதியில் போகும். கை களைத்தால் மோட்டார் களைக்கும், நாடா மெதுவாகும், சுருதியும் இறங்கும், நிமிர்ந்து போய்க்கொண்டிருந்த ட்ரம்பெட் எருமைக்குரலில் முக்கும். பிறகு அவள் மூச்சு வாங்கிச் சுற்ற, மறுபடி ஏறும்.

இதில் மாஸ்டர் ஒன்றைக் கண்டுபிடித்தார். அவர் சொல்லும்போது நான் முதலில் கதைக்காகச் சொல்கிறார் என்றுதான் நினைத்தேன். வேகமான பாட்டு ஒன்று நாடா மெதுவாகி ஓடும்போது, அது மெதுவான சுவிங் பாட்டு மாதிரிக் கேட்கவில்லையாம். தட்டையாக, நேராக, கிட்டத்தட்ட மார்ச் மாதிரிக் கேட்டதாம். உண்மையிலேயே மெதுவாக வாசித்த பாட்டில் நீண்ட சுரத்துக்கும் குறுஞ்சுரத்துக்கும் நடுவில் எவ்வளவோ இடைவெளி இருந்ததாம்.

அவர் காதால் பிடித்தது சரியான விஷயம். சுவிங்கில் நீளமும் குறுக்கமும் 2க்கு 1 என்று நிலையாக நிற்பதில்லை. டிரம்ஸ்காரர்களின் சிம்பல் தட்டை அளந்து பார்த்தவர்கள் கண்டது, மெதுவான கதியில் அது 3க்கு 1ஐயும் தாண்டும், வேகம் ஏற ஏறக் குறைந்து, மிக வேகமான கதியில் இரண்டும் ஏறத்தாழச் சமமாகிவிடும். அதனால் வேகமாக வாசித்ததை நாடாவில் மெதுவாக்கினால் அந்தச் சமம் அப்படியே தெரிந்துவிடும். திஸ்ரம் என்ன கதியில் போனாலும் திஸ்ரம்தான், மூன்று பங்கும் சமம். சுவிங்குக்கு அந்தக் கட்டாயம் இல்லை. டைனமோ சுற்றிய மகள் இப்போது கனடாவில் இருக்கிறார், இந்த ஆராய்ச்சியில் தன் பங்கு அவருக்குத் தெரியுமோ என்னவோ.

ஆக நாங்கள் தேர்ந்தெடுத்தது நடுக்கதி. நிமிடத்துக்கு 120 அடி, சில நாள் 126. பைலாவும் கிட்டத்தட்ட அங்கேதான் வசிக்கிறது என்பதால் ஆபத்தான இடம், ஆனால் ஹோர்னுக்கு வசதியான இடம். அதைவிட மெதுவாகப் போனால் எங்கள் மூச்சு போதாது, வேகமாகப் போனால் நாக்கு போதாது.

ஹோர்னில் சுவிங் வராது என்று சொல்கிறவர்கள் உண்டு. அவர்களிடம் காரணமும் உண்டு. எஃப் ஹோர்னின் குழாயை நீட்டினால் ஏறத்தாழ 12 அடி, ட்ரம்பெட்டைப்போல் இரண்டரை மடங்குக்கு மேல். ஆனால் ஊதுவதோ பெரும்பாலும் அந்தக் குழாயின் மேல் இசைச்சுரங்களில், அதாவது வால்வை மாற்றாமல் உதட்டால் மட்டும் எடுக்கும் சுரங்களில் உயரமானவற்றில். அங்கே சுரங்கள் ஒன்றோடொன்று நெருக்கி நிற்கும், உதடு ஒரு மயிரிழை தவறினால் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டிவிடுவோம். பெல் பின்னால் பார்ப்பதால் கேட்பவருக்கு நேரே போகிற ஒலி குறைவு, சுவரில் பட்டுத் திரும்பி வருவதுதான் அதிகம். கூடவே பெல்லுக்குள் கை வேறு. இத்தனையும் சேர்ந்து தொடக்கத்தின் கூர்மை மழுங்கிப்போகிறது. உலகத்து இசைக்குழுத் தலைவர்கள் எல்லாம் ஹோர்ன்காரர்களைப் பார்த்துச் சொல்வது ஒரே வசனம்: பிந்துகிறீர்கள்.

இருந்தாலும் ஜாஸுக்குள் ஹோர்ன் வந்து எவ்வளவோ காலமாகிவிட்டது. 1940களில் கிளோட் தோர்ன்ஹில் தன் பாண்டில் பிரெஞ்சு ஹோர்ன்களை உட்கார வைத்தார். அவருக்கு இசை அமைத்துக் கொடுத்த கில் எவன்ஸ் பிறகு மைல்ஸ் டேவிஸோடு சேர்ந்தபோது, 1949இலும் 1950இலும் பதிவு செய்த அந்த ஒன்பது பேர் குழுவில் ஒரு ஹோர்னும் ஒரு டியூபாவும் இருந்தன. 1950 பதிவில் ஹோர்ன் ஊதியவர் கன்தர் ஷுல்லர், அப்போது நியூயோர்க்கின் மெட்ரோபொலிட்டன் ஒப்பேராவில் வேலை. எனக்குப் பிடித்தவர் ஜூலியஸ் வாட்கின்ஸ், டிட்ரொயிட்டில் 1921இல் பிறந்தவர். ஐம்பதுகளில் சக்ஸஃபோன்காரர் சார்ளி ரவுஸோடு சேர்ந்து லே ஜாஸ் மோட்ஸ் என்ற குழுவையே நடத்தினார். அவர் ஊதுவதைக் கேட்டால் ஹோர்ன் பிந்தும் என்று யாரும் சொல்லமாட்டார்கள். என் வாத்தியத்தின் பங்காளிக்கும் ஒரு வரலாறு உண்டு. 1960களின் தொடக்கத்தில் ஸ்டான் கென்டன் நான்கு மெலஃபோனியங்களை ஒரு வரிசையாகப் பாண்டில் வைத்தார். ஓசை பிரமாதம், சுருதி சேர்ப்பதுதான் பெரிய தலையிடியாம். மெலஃபோனை வைத்திருப்பவன் என்ற முறையில் நான் நம்புகிறேன்.

பிந்துவதைப் பற்றி ஒன்று. சுவிங் என்றால் கொஞ்சம் சாய்ந்து, அடிக்குப் பின்னால் நின்று வாசிக்க வேண்டும் என்று எல்லோரும் சொல்லித்தருவார்கள். ட்ரம்பெட்டுக்கு அது சரி. பிரெஞ்சு ஹோர்ன் ஏற்கெனவே பின்னால்தான் நிற்கிறது. அது இன்னும் சாய்ந்தால் மல்லாக்க விழும்.

"தம்பி, எங்கை நிக்கிறாய்?" என்று ஒருநாள் மாஸ்டர் நான்காம் ஹோர்னைக் கேட்டார்.

"நீங்கள்தானே மாஸ்டர் கொஞ்சம் பிந்தி வாசிக்கச் சொன்னனீங்கள்."

"பிந்தி எண்டுதான் சொன்னனான். நாளைக்கு எண்டு சொல்லேல்லை."

அதற்குப் பிறகு எங்கள் கட்டளை இது: பிரெஞ்சு ஹோர்ன் இரண்டும் அடியின் முன்விளிம்பைப் பார்த்து ஊத வேண்டும், வாத்தியமே தேவையான அளவுக்குப் பிந்திக்கொள்ளும். நானும் மாஸ்டரும் அவர்களைக் கேட்டு அவர்களுக்குப் பின்னால் உட்கார வேண்டும். நால்வரும் ஒரே நேரத்தில் ஊத நினைத்தால் நால்வரும் நான்கு நேரத்தில் கேட்கும்.

நாங்கள் பழகுவது பரந்தனுக்குக் கிட்ட ஒரு நெற்களஞ்சியத்தில். நான்காம் ஹோர்ன் தம்பியின் மாமாவுக்குச் சொந்தமானது. காலபோக நெல் வருவதற்கு முன்னால் அது வெறும் சீமெந்துச் சுவர், ஹோர்னுக்குச் சொர்க்கம். பின்னால் போன ஒலி சுவரில் மோதி உருண்டு திரும்பி வரும், நாலு பேர் எட்டுப் பேராகத் தெரிவோம். அறுவடை முடிந்து மூட்டைகள் கூரைவரை ஏறியதும் ஒலி செத்துவிடும். ஹோர்னின் வாய் நேரே நெல்மூட்டையைப் பார்க்கிறது, மூட்டை எல்லாவற்றையும் விழுங்கிவிடும். முதலில் தகரம் நிறுத்திப் பார்த்தோம், அது தானும் சேர்ந்து பாடத் தொடங்கியது. இப்போது பழைய கதவுப் பலகைகள் இரண்டை ஹோர்ன்காரர்களுக்குப் பின்னால் சாய்த்து வைக்கிறோம். உண்மையைச் சொன்னால் சுவிங்குக்கு மூட்டை நிறைந்த களஞ்சியம்தான் நல்ல ஆசிரியர். வெறுஞ்சுவரில் எல்லாமே இனிமையாகக் கேட்கும், எந்தச் சுரத்தை எங்கே விட்டோம் என்று தெரியாது. மூட்டைக்கு முன்னால் எல்லாம் வெளிச்சத்துக்கு வந்துவிடும்.

சரி, சுரத்தை விடுவது. லேசான சுவிங் என்றால் சத்தமில்லாமல் ஊதுவது என்று பலர் நினைக்கிறார்கள். ஹோர்னில் சத்தத்தைக் குறைத்தால் வருவது தாலாட்டு. லேசு எங்கே இருக்கிறது என்றால் சுரத்துக்குச் சுரம் நீளம் மாறுவதில், சிலவற்றை ஏறக்குறைய விழுங்கிவிடுவதில். எங்கள் அக்கா இதற்காகவே வாத்தியத்தை மடியில் வைத்துவிட்டு வாயால் பாடவைப்பார். "டூ‑டா டூ‑டா டூ‑டாட்." டூ நீளம், நாக்கு மென்மையாகத் தொடும். டா குறுகல், ஆனால் அழுத்தம் அதில்தான். டாட் என்பதில் கடைசி ட் நாக்காலேயே மூச்சை நிறுத்துவது. மரபான ஹோர்ன் பழக்கத்தில் நாக்கால் சுரத்தை நிறுத்துவது பாவம், சுரம் தானாகத் தேய்ந்து முடிய வேண்டும் என்பார்கள். இங்கே அந்தப் பாவம் தேவை. நாலு பேரும் ஒரே இடத்தில் அந்த ட்டை வைத்தால், அதற்குப் பிறகு வரும் வெறுமையில்தான் ஆட்டம் இருக்கிறது.

நாதஸ்வரக்காரர்களின் துத்துக்காரம் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது ஒன்றும் புதுமை இல்லை, நாக்கால் எழுத்துச் சொல்லி ஊதுவது நம் கோயில் வீதியில் எத்தனையோ தலைமுறையாக நடப்பதுதான். வித்தியாசம், துத்துக்காரம் சுரத்தின் தொடக்கத்தை நெய்கிறது. எங்களுக்கு வேண்டியது முடிவு.

ஒரு பாட்டின் முதல் எட்டுப் பாரை, அதாவது நான்கு நான்கு அடியாக எட்டுக் கூறை மட்டும் ஒரு பின்னேரம் முழுக்க ஊதினோம். மெட்டில் தொடர்ந்து எட்டுக் குறில்கள் வரும் இடம். அக்கா ஒவ்வொன்றையும் அழகாக, முழுதாக, சம கனத்தோடு ஊதினார். நோர்வே வாத்தியத்தில் அவருக்கு வந்திருக்கும் ஓசை அப்படி, ஒரு சுரத்தையும் விட மனம் வராது. மாஸ்டர் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, மூன்றாவதையும் ஆறாவதையும் ஊதாமல் விரலை மட்டும் அமுக்கச் சொன்னார். ஓசை வேண்டாம், நினைப்பு இருந்தால் போதும். அக்கா ஊதினார். விடுபட்ட இடத்தில் ஒரு அரைமூச்சு மட்டும் கேட்டது, வரி முழுக்கத் தரையைவிட்டுக் கொஞ்சம் எழும்பியது. நான்காம் ஹோர்ன் தம்பி ஊதுவதை நிறுத்திவிட்டுச் சிரித்தான். "இப்பதான் அக்கா நடக்கிறியள். இவ்வளவு நேரமும் அணிவகுப்பு."

அவனுடைய பாடுதான் பெரும்பாடு. எங்களிடம் டபிள்பேஸ் இல்லை, டிரம்ஸ் இல்லை, கிற்றார்கூட இல்லை. நடக்கிற அடிக்குரலை நான்காம் ஹோர்ன்தான் ஊதவேண்டும், பாருக்கு நான்கு சுரம், பாட்டு முடியும்வரை. பிரெஞ்சு ஹோர்னின் அடிக்குரல் லாண்ட்மாஸ்டரைக் கைபிடி போட்டு ஸ்டார்ட் பண்ணுவதுபோல: முதல் சுற்றில் பிடிக்காது, பிடித்தாலும் கொஞ்சம் உறுமிவிட்டுத்தான் ஓடும். உதட்டைத் தளர்த்தி, தாடையை இறக்கி, நிறையக் காற்றைக் கொடுத்தால்தான் கீழ்ச்சுரம் பேசும். அதை நிமிடத்துக்கு 120 தடவை செய்யச் சொல்கிறோம்.

தம்பி கண்டுபிடித்த வழி, டபிள்பேஸ் நரம்பைச் சுண்டும்போது கேட்பதுபோல ஒவ்வொரு சுரத்தையும் தொடக்கத்தில் தடித்தும் உடனே மெலிந்தும் ஊதுவது. பாதி நீளம் ஒலி, பாதி வெறுமை. மூச்சும் மிச்சம், அடியும் தெளிவு. அப்புறம் ஒவ்வொரு நான்கு பாருக்கும் ஒரு சுரத்தை மூச்சுக்காக விட்டுவிடுவான். விடுவது எப்போதும் மூன்றாம் அடியை. இரண்டையும் நான்கையும் விட்டால் நாங்கள் மூன்று பேரும் தடுமாறுவோம்.

வாத்தியத்துக்கு வைத்தியமும் அவன்தான். பிரெஞ்சு ஹோர்னின் வால்வு மேலும் கீழும் போவதில்லை, உருளை ஒன்று சுழலும், அதைச் சுழற்றுவது விரல்பிடியோடு கட்டிய ஒரு மெல்லிய நூல். எட்டு வடிவத்தில் சுற்றிச் சின்னத் திருகாணியால் இறுக்கியிருக்கும். நூல் அறுந்தால் அந்த வால்வு அவ்வளவுதான். அக்காவின் ஹோர்னில் பெருவிரல் வால்வின் நூல் ஒருநாள் பாட்டின் நடுவில் அறுந்தது. தம்பி அடுத்த நாள் முல்லைத்தீவுக்குப் போய் மீன்பிடிச் சாமான் கடையில் பின்னல் தூண்டில் நூல் வாங்கி வந்தான். கண்ணாடிபோல் இருக்கும் ஒற்றை இழை நைலோன் வேண்டாம், அது இழுபடும், முடிச்சும் வழுக்கும். பின்னல் நூல் இழுபடாது. வெளிநாட்டு ஹோர்ன்காரர்களும் இதே நூலைப் பயன்படுத்துகிறார்கள் என்று பிறகுதான் தெரிந்தது. ஒரு சுருள் வாங்கினால் வாழ்நாளுக்குப் போதும், மிச்சத்தில் மீனும் பிடிக்கலாம்.

தூசுதான் அடுத்த எதிரி. ஆவணி, புரட்டாதியில் களஞ்சியத்துக்கு வெளியே செம்மண் பறக்கும். உருளைக்குள் அது போனால் இறுகிவிடும். எண்ணெய் போட்டுத் துணியால் சுற்றிப் பெட்டியில் வைப்பதைத் தவிர வேறு வழியில்லை. ஆனால் சூடு எங்களுக்கு நண்பன், இதை யாரும் நம்பமாட்டார்கள். குழாய்க்குள் காற்றின் சூடு ஒரு பாகை ஏறினால் சுருதி ஏறத்தாழ 3 சென்ட் ஏறும், 100 சென்ட் ஓர் அரைச்சுரம். குளிர்நாட்டில் கொஞ்ச நேரம் ஊதாமல் மடியில் வைத்திருந்தால் வாத்தியம் குளிர்ந்து சுருதி இறங்கிவிடும், பெறாமகள் மே மாதத்துத் தெருவில் இதோடு போராடியதைச் சொல்லியிருக்கிறாள். பரந்தனில் 33, 34 பாகையில் சும்மா வைத்தாலும் ஊதினாலும் பெரிய வித்தியாசம் இல்லை. ஆரம்பத்திலேயே சுருதி சேர்க்கும் ஸ்லைட்டை நன்றாக வெளியே இழுத்து வைத்துவிட்டால் பின்னேரம் முழுக்க அப்படியே நிற்கும்.

இசை அமைப்பு என் வேலை. நான்கு ஹோர்னும் கிட்டத்தட்ட ஒரே குரல், அதனால் நெருக்கமான கோர்ட்ஸ், அதாவது ஒன்றாக ஒலிக்கும் சுரக்கூட்டுகள், எழுதினால் நன்றாகக் கரையும். ச, க, ப, த என்று நான்கு சுரம் சேர்ந்த ஆறாம் கோர்ட்ஸ் இந்தப் பாணியின் சோறும் கறியும், ஏழாம் கோர்ட்ஸும் அப்படியே. ஆனால் அடிக்குரலைத் தம்பி நடத்தும்போது கோர்ட்ஸுக்கு மிச்சம் மூன்று பேர்தான். அப்போது ச வேண்டாம், அதை அவன் எப்படியும் தொட்டுவிடுவான். க, த, அதற்கு மேல் மெட்டு. நால்வரும் ஒன்றாக மெட்டோடு நகரும் இடங்களில் மட்டும் முழுதாக எழுதுவேன். அதுவும் கீழே இறங்கினால் சேறாகிவிடும். அப்படி வந்தால் மேலிருந்து இரண்டாவது குரலை எடுத்து ஒரு ஸ்தாயி கீழே போட்டால் திறந்துவிடும், பழைய பாண்டு இசை அமைப்பாளர்கள் எல்லோரும் செய்த வேலை.

நான் மிகவும் ரசிப்பது ஹோர்னின் ஏழாவது இசைச்சுரம். இயற்கையாக அது நமது ஹார்மோனியத்துச் சுரத்தைவிட ஏறத்தாழ 31 சென்ட் இறக்கம். மரபான இசையில் அந்த இடத்தை ஹோர்ன்காரர்கள் தொடாமல் சுற்றிப் போவார்கள், பொய்ச்சுருதி என்பார்கள். பன்னிரண்டு பார் புளூஸ் ஊதும்போது அந்த இறக்கமான நி எவ்வளவு சரியாக விழுகிறது என்பதைக் கேட்க வேண்டும். புளூஸ் பாடகர்கள் குரலை வளைத்துத் தேடுகிற இடத்துக்குப் பக்கத்தில் இந்தக் குழாய் சும்மாவே நிற்கிறது. கமகம் கேட்டுப் பழகிய எங்கள் சனத்துக்கும் அது காதில் உறுத்தவே இல்லை. உறுத்தியது யாருக்கு என்றால் கீபோர்ட் பழகும் ஒரு பிள்ளைக்கு மட்டும்.

கச்சேரி என்று சொல்லும் அளவுக்கு எங்களுக்கு இல்லை. நத்தார்க் காலத்தில் கரோல், சில கலியாண வரவேற்பு, ஒரு பரிசளிப்பு விழா. முதல் சிக்கல் கைதட்டல். சனம் ஒன்றிலும் மூன்றிலும் தட்டும், சுவிங் இரண்டிலும் நான்கிலும் நிற்கிறது. இதை அறிவுரையாகச் சொன்னால் யாரும் கேட்கமாட்டார்கள். மாஸ்டர் ஆதி தாளத்தின் கடைசி நான்கைக் காட்டுவார்: தட்டு, வீச்சு, தட்டு, வீச்சு. "தட்டுறதை விட்டிட்டு வீச்சிலை மட்டும் சொடக்குப் போடுங்கோ." சங்கீதம் படித்த பிள்ளைகள் உடனே பிடித்துக்கொள்வார்கள், அவர்களைப் பார்த்து மற்றவர்களும். தட்டுக்கு இருக்கும் மரியாதையை வீச்சுக்குக் கொடுக்கச் சொல்வதை மட்டும் ஒரு பழைய தவில்காரர் கடைசிவரை ஒத்துக்கொள்ளவில்லை. கையைக் கட்டிக்கொண்டு, ஆனால் எழும்பிப் போகாமல் கேட்டார்.

எதிர்பாராத ரசிகர்கள் அறுபது, எழுபது வயதுப் பெண்கள். இந்த இசை அவர்களுக்குப் புதிது என்றுதான் நினைத்திருந்தோம். விஸ்வநாதன் ராமமூர்த்தி காலத்துப் படப் பாட்டுகளைக் கேட்டு வளர்ந்தவர்கள், கிளப் காட்சி என்றால் என்ன வாத்தியம் வரும் என்று எங்களைவிட அவர்களுக்குத் தெரியும். ஒரு கலியாண வீட்டில் மணமகனின் அப்பம்மா பக்கத்தில் வந்து, "இது கதாநாயகியை மயக்க வில்லன் கூட்டிக்கொண்டு போற இடத்து மியூசிக் எல்லோ" என்றார். அதைவிடச் சுருக்கமான விமர்சனம் எங்களுக்குக் கிடைத்ததில்லை. பிறகு அவரே கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு முன்னால் உட்கார்ந்தார்.

அங்கேயே பைலாவும் கேட்டார்கள். வாசித்தோம். வராததைப் பழகுவது கடினம், வருவதை மறைப்பது அதைவிடக் கடினம். நான்காம் ஹோர்ன் தம்பிக்கு அன்றைக்கு மூச்சுப் பிரச்சினையே வரவில்லை.

அவன் மூச்சுக்குத்தான் இப்போது வழி தேடிக்கொண்டிருக்கிறோம். முப்பத்திரண்டு பார் பாட்டை இரண்டு சுற்று ஊதினால் கடைசி எட்டுப் பாரில் அவன் உதடு போய்விடும். அதனால் நடுவில் வரும் எட்டுப் பாருக்கு அடிக்குரலை மாஸ்டரின் டெனர் ஹோர்னுக்கு மாற்றி எழுதியிருக்கிறேன். அது அவ்வளவு கீழே இறங்காது, ஆகவே அந்த எட்டுப் பாரில் நடை இறங்குவதற்குப் பதிலாக மேலே ஏறும்படி திருப்பியிருக்கிறேன். கை மாறும் இடத்தில் இன்னும் ஒரு அடி தட்டுகிறது. தம்பி தன் கடைசிச் சுரத்தைப் பாதியில் விடுகிறான், மாஸ்டர் அது முழுதாக முடியட்டும் என்று காத்திருக்கிறார். இந்தக் கிழமை அவனை அந்த ஒரு சுரத்தை மட்டும் முழு நீளத்துக்கும் பிடிக்கச் சொல்லிப் பார்க்கப் போகிறோம்.